பொடி எழுத்தில் ஒரு பொறி!

அந்த அம்மாள் வழுக்கி விழுந்தது, மெக்சிகோ நாட்டுக் கரைக்கு அப்பால், கடலில். அவர் குடியிருந்தது, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில். ஆனால் அவர் வழக்குப் போட வேண்டிய இடமோ, தென்கிழக்கு மூலையில் உள்ள புளோரிடா!

இரண்டுக்கும் இடையே 4 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் தூரம்.

ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? கப்பல் டிக்கெட்டில் அப்படித்தான் அச்சடித்து இருந்தது. பொடி எழுத்தில்!

இது கதை அல்ல. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கு.

7 பேரும் 2 பேரும்

அந்த அம்மாளும் அவர் கணவரும் கார்னிவல் கம்பெனியின் உல்லாசக் கப்பலில் பயணம் செய்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தில் ஏறினார்கள். வழியில், கப்பலின் சமையல் கூடத்தைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டினார்கள். அப்போது தரை விரிப்பில் கால் வழுக்கியது. அம்மாள் விழுந்தார், காயம் அடைந்தார்.

நஷ்ட ஈடு கேட்டு, தன் மாநிலத்திலேயே வழக்குத் தொடர்ந்தார். "இங்கே வழக்குப் போட முடியாது, டிக்கெட்டைப் பாருங்கள்" என்று கம்பெனி வாதாடியது.

1991-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 9 நீதிபதிகளில் 7 பேர், கம்பெனி பக்கம் நின்றார்கள்.

அவர்கள் சொன்ன காரணம் இது: கப்பலில் பல ஊர்க்காரர்களும் வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரில் வழக்குப் போட்டால், கம்பெனி எத்தனை ஊருக்கு அலையும்? ஒரே இடம் என்று வைத்தால் செலவு குறையும். செலவு குறைந்தால் கட்டணமும் குறையும்.

மறுத்தவர்கள் 2 பேர். அவர்களில் ஒருவர், நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். அவர் வெறும் வாதத்தோடு நிற்கவில்லை. அந்த டிக்கெட்டையே நகல் எடுத்து, தம் தீர்ப்போடு இணைத்து விட்டார். எவ்வளவு பொடி எழுத்து என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று!

இன்னொன்றையும் அவர் எடுத்துக் காட்டினார். பல பயணிகள் அந்த நிபந்தனையைப் பார்ப்பதே, பணம் கட்டி, டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான். பிடிக்கவில்லை என்று பயணத்தைக் கைவிட்டால், பணம் திரும்பக் கிடைக்காது என்றும் அதே டிக்கெட்டில் இருந்தது.

அந்த 2 நீதிபதிகள் சொன்னதே நியாயம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

மிதக்கும் ஊர்

உல்லாசக் கப்பல் என்பது, இன்று ஒரு மிதக்கும் ஊர். 2024-ம் ஆண்டு ஓடத் தொடங்கிய "ஐகான் ஆப் தி சீஸ்" என்ற கப்பலில் மட்டும் 7 ஆயிரத்து 600 பயணிகள் வரை ஏறலாம். நீச்சல் குளம் உண்டு. நாடக மேடை உண்டு. சறுக்கு விளையாட்டு உண்டு.

கப்பல் கவிழ்ந்தால் உலகமே திரும்பிப் பார்க்கிறது. 2012-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, இத்தாலியின் கிக்லியோ தீவு அருகே "கோஸ்டா கன்கார்டியா" பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். கப்பல் தலைவருக்கு 16 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆனால் அத்தகைய விபத்து அபூர்வம். ஈரத் தரையில் வழுக்குவது, படியில் உருளுவது, கனமான கதவில் விரல் நசுங்குவது போன்றவைதான் சாதாரணமாக நேருபவை. இவற்றுக்குப் பத்திரிகையில் தலைப்பு இல்லை. ஆனால், விழுந்தவருக்கு எலும்பு எலும்புதானே?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஆசையோடு கப்பலுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே 65 வயதுத் தாய் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும்? சிகிச்சை நடக்கிறது. விசா முடிகிறது. ஊர் திரும்புகிறார். எலும்பு கூடி, எழுந்து நடமாடுவதற்குள் மாதங்கள் ஓடி விடுகின்றன. "கேட்டுப் பார்ப்போமே" என்று நினைக்கும்போது, கெடு முடிந்திருக்கும்!

3 ஆண்டு, 1 ஆண்டு ஆனது!

என்ன கெடு?

கடலில் காயம் அடைந்தவர் 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம் என்பது, அமெரிக்காவின் பொதுவான சட்டம். ஆனால், பயணிகள் கப்பல் கம்பெனி அதை டிக்கெட் மூலம் 1 ஆண்டாகக் குறைத்துக் கொள்ளலாம் என்று அதே நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. காயம் பட்ட செய்தியை 6 மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் நிபந்தனை போடலாம். பெரிய கம்பெனிகள் இதை விடுவார்களா? டிக்கெட்டில் சேர்த்து விட்டார்கள். வழக்குப் போடும் இடம், பெரும்பாலும் புளோரிடாவில் உள்ள மயாமி.

விழுந்து விட்டால் மட்டும் பணம் வந்து விடாது. கம்பெனியின் கவனக் குறைவை, பயணிதான் நிரூபிக்க வேண்டும். தரை ஈரம் என்பது கம்பெனிக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று காட்ட வேண்டும். கையில் சான்று இல்லாமல், கெடுவும் குறைந்தால், ஏழை எளியவர் என்ன செய்வார்?

கப்பல் டாக்டர்

கப்பலில் டாக்டர் இருக்கிறார். அவர் தவறு செய்தால்? டாக்டரின் தவறுக்குக் கம்பெனி பொறுப்பு அல்ல என்றே அமெரிக்கக் கோர்ட்டுகள் நெடுங்காலம் சொல்லி வந்தன.

2014-ம் ஆண்டு அது மாறியது. பெர்முடா துறைமுகத்தில் ஒரு முதியவர் விழுந்து, தலையில் அடிபட்டார். கப்பலில் சரியாகக் கவனிக்கவில்லை என்றும், அதனால் இறந்தார் என்றும் அவர் மகள் வழக்குத் தொடர்ந்தார். கம்பெனி உடுப்பு அணிந்து, கம்பெனிச் சம்பளம் வாங்கும் டாக்டருக்குக் கம்பெனி பொறுப்பு ஆகாதா? "அந்த வழக்கை நடத்தலாம்" என்று, புளோரிடா அடங்கிய பகுதியின் அப்பீல் கோர்ட்டு சொன்னது.

பழைய வழக்கம் என்பதற்காக, அநியாயம் நியாயம் ஆகி விடாது. அதற்கு இந்தத் தீர்ப்பே சாட்சி.

அங்கே கப்பல் ஓடவில்லையா?

"பயணிக்கு வசதி செய்தால் கட்டணம் ஏறும்" என்கிறார்களே, அது உண்மையா? ஐரோப்பாவைப் பாருங்கள்.

ஏதென்ஸ் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. 1974-ல் பிறந்தது, 2002-ல் திருத்தப்பட்டது, திருத்தம் 2014 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, காயம் அடைந்த பயணி வழக்குப் போட 2 ஆண்டு உண்டு. பயணம் தொடங்கிய ஊரிலோ முடிந்த ஊரிலோ வழக்குப் போடலாம். கம்பெனிக்கு அலுவலகம் இருந்தால், தன் சொந்த நாட்டிலேயே போடலாம். இந்த உரிமையை முன்கூட்டியே டிக்கெட்டில் பறித்தால், அது செல்லாது!

கப்பல் மூழ்கினாலோ, மோதினாலோ, தீப்பிடித்தாலோ, யார் குற்றம் என்று பயணி நிரூபிக்க வேண்டியது இல்லை. போர், பெரும் இயற்கைச் சீற்றம் போன்ற சில காரணங்கள் தவிர, ஒரு பயணிக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் வரை கம்பெனியே பொறுப்பு.

இவ்வளவு இருந்தும், ஐரோப்பாவில் கப்பல் ஓடாமல் நின்று விட்டதா? இல்லை. கோடை வந்தால் அங்கே துறைமுகங்களில் இடம் இல்லை! அமெரிக்கா இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. சேர வேண்டும்.

பொய்க் காயம் காட்டிப் பணம் பறிப்போரும் உண்டு என்று கம்பெனிகள் சொல்லலாம். உண்மைதான். அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் கோர்ட்டு இருக்கிறது. பொய்யனுக்குப் பயந்து, மெய்யாகவே கால் முறிந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவதா?

விழுந்தால் என்ன செய்வது?

சட்டம் மாறும்போது மாறட்டும். அதுவரை நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன்பே நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்கள். இப்போது டிக்கெட் செல்போனிலேயே வருகிறது. "சம்மதம்" என்ற இடத்தில் விரல் வைப்பது, கையெழுத்துப் போடுவதற்குச் சமம். எத்தனை மாதக் கெடு, எந்த ஊர்க் கோர்ட்டு என்ற இரண்டையும் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால், தெரிந்தவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

விழுந்தால் வெட்கப்பட்டு எழுந்து போய் விடாதீர்கள். உடனே கப்பல் அதிகாரியிடம் சொல்லி, எழுத்தில் பதிவு செய்யுங்கள். நகல் கேளுங்கள். விழுந்த இடத்தைப் படம் எடுங்கள். எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்பதும் படத்தில் தெரியட்டும். பார்த்தவர்களின் பெயர், விலாசம் வாங்குங்கள். காமிராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுதிக் கொடுங்கள். போட்டிருந்த செருப்பைக்கூட எறியாதீர்கள். டாக்டர் சீட்டு, மருந்துச் செலவு ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கரை இறங்கியதும், கடல் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள். உடம்பு தேறட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடம்பு காத்திருக்கும், கெடு காத்திருக்காது.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. கப்பலின் அழகையும் விருந்தையும், விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். பயணி இழக்கும் உரிமையையும், அதே கொட்டை எழுத்தில், பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள். உங்கள் நிபந்தனை நியாயமானது என்றால், அதைப் பெரிதாக அச்சடிக்க ஏன் பயம்?