காகிதத்தில் இருக்கும் கிராம வரலாறு

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியதை அதன் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதே மாவட்டத்தின் சுரண்டை, நல்லூர் வட்டாரங்களில் 19ஆம் நூற்றாண்டில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி) மிஷன் வேரூன்றியது. கோயிலின் வரலாறு கல்லில் இருக்க, இவ்வட்டாரங்களின் பழைய ஊர்த் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் வெறும் காகிதம். குற்றாலச் சாரலின் ஈரத்துக்கும் கரையானுக்கும் அது நெடுங்காலம் தாங்காது. திருநெல்வேலித் திருமண்டலமும் அரசு ஆவணக் காப்பகமும் இணைந்து அவற்றை மின்படியாக்க வேண்டும்.

இது சபையாரின் சொந்த விஷயம் என்பார்கள். ஆனால் வெள்ளாளன்விளை கிராமக் குருவானவர் தாமஸ் வேதநாயகத்தின் வீட்டில் 1874இல் பிறந்த அசரியாதான், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே. ஒரு சிற்றூர்க் குருமனையிலிருந்து தேசிய வரலாறு கிளைத்திருக்கிறது. அதைச் சபைக்குள் மட்டும் அடைத்துவைக்க முடியாது.

வெள்ளைக்கார மிஷனெரிகளைப் போற்றும் வேலை இது என்ற ஐயமும் எழலாம். மிஷனெரிகள் தங்களைப் பற்றி அறிக்கைகளும் கடிதங்களும் ஏராளமாக எழுதிவைத்துவிட்டார்கள். உபதேசியார், பள்ளி ஆசிரியை, பனையேறி, சிசுவை இழந்த தாய் ஆகியோரின் பெயர்கள் எஞ்சியிருப்பது பெரும்பாலும் பதிவேடுகளில்தான். வாழ்வோரின் அந்தரங்கம் காக்க, நூறாண்டு கடந்த பக்கங்களை மட்டும் பொதுவில் வைக்கலாம். எளியவர்களின் பெயர்களைக் காப்பது சலுகையல்ல. வரலாற்றின் அடிப்படைக் கடமை.