இருட்டில் பேசாத தொலைபேசி எதற்கு?

வீட்டுக்கு இணையத் தொலைபேசி அமைக்கப் புறப்படுவோர் முதலில் விசாரிப்பது கணினியின் வேகத்தை. இந்த மயக்கத்தையே நாம் மறுக்கிறோம். ஜி.711 முறையில் ஓர் அழைப்பின் குரலுக்கு ஒரு திசையில் நொடிக்கு 64 கிலோபிட் போதும். பொதிகளின் மேற்சுமையையும் கூட்டினால் ஏறத்தாழ 87. நான்கைந்து தொலைபேசிகள் உள்ள வீட்டில் ஆஸ்டரிஸ்க் மென்பொருளை இயக்க உள்ளங்கையளவு ராஸ்பெரி பை தாராளம். அதற்கென மேசைக் கணினியை இரவுபகலாக ஓடவிடுவோர் கணக்குப் பார்க்கட்டும்: 60 வாட் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 525 யூனிட்டுக்கு மேல்.

பழைய தொலைபேசியையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. எஃப்எக்ஸ்எஸ் போர்ட் உள்ள சிறு அடாப்டர் அதற்கு மின்சாரமும் கொடுக்கும், மணியும் அடிக்கும்.

மிஞ்சும் பணம் யூபிஎஸ்ஸுக்குப் போகட்டும். செம்புக் கம்பி, தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவந்தது. வீடு இருண்டாலும் தொலைபேசி உயிரோடிருந்தது. இணையத் தொலைபேசிக்கு அந்த வரம் இல்லை. பிரிட்டனில் செம்பு இணைப்புகளை மாற்றியபோது முதியோரின் அவசர அழைப்புக் கருவிகள் செயலிழந்தன. அதன் பிறகே, 2023 டிசம்பரில், விரும்பாதோரையும் மாற்றுவது நிறுத்திவைக்கப்பட்டது. 2025 என்றிருந்த கெடுவும் 2027 ஜனவரிக்குத் தள்ளப்பட்டது.

ஆகவே மோடம், ரவுட்டர், ராஸ்பெரி பை, அடாப்டர் நான்கும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பேச்சு அற்றுவிடும். வேகமே வேண்டுமென்போர் வாங்கிக்கொள்ளட்டும். இருட்டில் விழுந்து கிடக்கும் பாட்டியின் ஒரு சொல்லைக்கூட அந்த வேகம் வெளியே கொண்டுசேர்க்காது.