மின்சார மேளமும் ரசிக சிகாமணிகளும்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பெரிய ரசிகர். மார்கழி பிறந்தால் சென்னைக்குப் போய்ப் பதினைந்து நாள் தங்கிக் கச்சேரி கேட்டுவிட்டு வருகிறவர். வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"நீங்கள் உடனே பேனாவை எடுக்க வேண்டும், சார். அடுத்த தெருவில் ஒரு பையன் அக்கிரமம் செய்கிறான். தவிலுக்கு மின்சாரக் கம்பியை மாட்டி, அதைத் தானாக அடிக்க வைக்கிறான். சங்கீதத்தைக் கொலை செய்ய இதைவிட வேறு வழி வேண்டுமா? கண்டித்து எழுதுங்கள்" என்றார்.

கண்டித்து எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கொலை நடந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவதுதானே நியாயம்? போய்ப் பார்த்தேன். இதோ எழுதுகிறேன். நண்பர் எதிர்பார்த்த கட்டுரை இது அல்ல. அதற்காக அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை. நடுவே மரச்சட்டத்தில் ஒரு தவில். வலந்தலைப் பக்கம் ஐந்து சொலினாய்டுகள். தொப்பிப் பக்கம் ஒன்று. அந்த ஒன்றின் முனையில் அவனுடைய தாத்தாவின் கழியைக் கட்டியிருக்கிறான்.

சொலினாய்டு என்பது பெரிய மாயவித்தை அல்ல. செப்புக் கம்பிச் சுருள். அதன் நடுவே ஓர் இரும்புத் தண்டு. சுருளில் மின்சாரம் ஓடினால் தண்டு பாய்கிறது. நின்றால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. எந்தத் தண்டு எப்போது பாய வேண்டும் என்று உத்தரவு போட, உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ என்ற பலகை ஒன்று இருக்கிறது. மின்சாரம் ஓடும் நேரத்தைக் கண் இமைப்பதில் ஒரு சிறு பங்கு கூட்டினால் அடி ஓங்கி விழும். குறைத்தால் தணிந்து விழும். கேட்க எளிதாயிருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைந்தனவாம். மின்சாரத்தை நிறுத்தும் கணத்தில் சுருள் திருப்பி உதைக்கும் என்பதும், அந்த உதையை வாங்கிக்கொள்ள ஒரு டயோடு வைக்க வேண்டும் என்பதும் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் தெரிந்ததாம். ஆறு தண்டுகளுக்கும் ஆறு விதமான தாமதம். ஒவ்வொன்றையும் அளந்து, அந்த அளவுக்கு முன்கூட்டியே உத்தரவு போட வேண்டும். இல்லாவிட்டால் தாளம் நொண்டும். எட்டு மாதமாக இதே வேலை.

"எதற்கப்பா இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"தாத்தா வாசிச்ச மாதிரி ஒரு தடவையாவது கேட்கணும் சார்" என்றான்.

தாத்தா அந்தக் கொட்டகையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்க் கோயிலில் முப்பத்தொரு வருஷம் தவில் வாசித்தவர். கோயிலில் மின்சார மேளம் வந்த வருஷம், "இனிமேல் திருவிழாவுக்கு மட்டும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் தவிலை உறையில் கட்டி வைத்துவிட்டு, அரிசி ஆலையில் இரவுக் காவலுக்குப் போனார். இப்போது விரல்கள் சரியாக மடங்குவதில்லை.

இனி, அந்த மின்சார மேளத்தைப் பற்றிப் பேசலாம். வாசகர்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மோட்டார், அது சுழற்றும் ஓர் அச்சு. அச்சு சுழலும்போது குச்சிகள் எழுந்து எழுந்து விழும். பறை அதிரும், மணி அடிக்கும், தாளம் மோதும். அர்ச்சகர் சுவிட்சைப் போட்டால் ஆரம்பம், அணைத்தால் முடிவு. காலை பூஜைக்கும் அதே அடி. அர்த்தஜாம பூஜைக்கும் அதே அடி.

நாகஸ்வரக்காரர் இருந்த காலத்தில் கோயிலுக்கு ஒரு கடிகாரம் இருந்தது. விடியற்காலையில் பூபாளம், இரவு பள்ளியறையில் நீலாம்பரி. சுவாமி புறப்பட்டால் கம்பீர நாட்டையில் மல்லாரி. நைவேத்தியம் வருவதற்குத் தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. வீட்டில் அடுப்பங்கரையில் இருந்தபடியே, கோயிலில் என்ன நடக்கிறது என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள். இன்று காதில் விழுவது ஒரே இரைச்சல். தீபாராதனை நடக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்பதில்லை. மனத்திலுள்ள பிரார்த்தனையும் அதில் மூழ்கிப் போகிறது.

இதை எதிர்த்து என் நண்பர் எப்போதாவது பேனாவை எடுக்கச் சொன்னாரா? இல்லை. எப்படிச் சொல்வார்? அந்த யந்திரத்தின் நெற்றியில் சிவப்பு வர்ணத்தில் 'உபயம்' என்று எழுதி ஒரு பெயர் இருக்கிறது. அது யாருடைய பெயர் என்று நான் சொல்லப் போவதில்லை. நண்பர் இதை வாசிக்கும்போது அவருக்கே தெரியும். நான் மட்டும் யோக்கியன் என்று நினைக்க வேண்டாம். அன்றைய நன்கொடை நோட்டில் என் பெயரும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ரசீதுகூடப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் ஒருவரிடம் பேசிப் பார்த்தேன். "வாசிக்க ஆள் எங்கே சார் கிடைக்கிறது? மெஷின் லீவு கேட்காது, முன்பணம் கேட்காது" என்றார். ஒருகால பூஜைக்கு எண்ணெய் வாங்கவே வழியில்லாத கிராமத்துக் கோயில்கள் உண்டு. குருக்கள் ஒருவரே மணியையும் அடித்துத் தீபத்தையும் காட்ட வேண்டிய அத்தகைய இடத்தில் ஒரு யந்திரம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எங்கள் கோயிலுக்கு நிலம் இருக்கிறது. கடை வாடகை வருகிறது. ஆள் கிடைக்கவில்லை என்பதற்கு, கொடுக்கிற சம்பளத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததென்று நாமெல்லாரும் பெருமைப்பட்டோம். ஆச்சா மரத்தில் வாத்தியம் கடையும் கைக்குக் கௌரவம் செய்தது சரி. அதை வாசிக்கிறவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

'யந்திரம் என்றாலே சங்கீதத்துக்கு விரோதி' என்று வாதாடுகிறவர்களுக்கு இரண்டொரு பழைய சமாசாரங்களைச் சொல்லுகிறேன். 1738-இல் பாரிஸ் நகரில் வோகான்சோன் என்பவர் மெய்யாகவே புல்லாங்குழல் ஊதும் பொம்மை ஒன்றைக் காட்டினார். துருத்தியும் உதடும் நாக்கும் வைத்த பொம்மை. அதைச் செய்வதற்காக, மூச்சின் வேகம் மாறினால் ஸ்வரம் எப்படி மாறுகிறது என்று அவர் நுணுகி ஆராய வேண்டியிருந்தது. பொம்மையால் குழலைப் பற்றிய அறிவு வளர்ந்தது. பிறகு அதே மனிதர் அரசாங்கத்தின் பட்டு நெசவு அதிகாரியானார். அவர் வகுத்த விதிகளை எதிர்த்து 1744-இல் லியோன் நகரத்து நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மூளை ஒன்றுதான், பொம்மை செய்தபோது யாருடைய சோற்றிலும் மண் விழவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் வோட்டி என்பவர் 1895-இல் தம் வீட்டுப் பட்டறையில், பியானோவைத் தானே வாசிக்கும் பியானோலாவைச் செய்தார். காகிதச் சுருளில் துளைகள். துளை வழியே காற்று. காற்றின் வேகத்தில் மரவிரல்கள் கட்டைகளை அழுத்தும். இத்தகைய யந்திரங்கள் வந்தால் வீட்டில் வாசிப்பார் அற்றுப்போவார்கள் என்று சூசா என்ற பாண்டு வித்துவான் 1906-இல் எச்சரித்தார். அவர் பயந்தது முழுப் பொய்யல்ல. ஆனால் அதே வகை யந்திரத்தைக் கொண்டு நான்கரோ என்ற சங்கீதக்காரர் செய்ததைப் பாருங்கள். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் போரிட்டவர். 1940-இல் மெக்சிகோ நகரில் குடியேறியவர். பத்து விரலால் வாசிக்க இயலாத காலப்பிரமாணக் கணக்குகளை மனத்தில் கேட்டு, காகிதச் சுருளில் ஒவ்வொரு துளையாகத் தம் கையால் குத்தினார். 1997-இல் அவர் இறக்கும் முன் இப்படிச் செய்த உருப்படிகள் ஏறக்குறைய ஐம்பது. அவருடைய யந்திரம் எந்த வித்துவானையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. எவராலும் வாசிக்க முடியாததை அது வாசித்தது.

ஆகவே யந்திரத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, அதற்கு ஜீவன் உண்டா என்பதல்ல. அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதுதான். கேட்க வேண்டும் என்று செய்ததா, கூலி கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று செய்ததா?

அன்று மாடியில் பையன் யந்திரத்தை முடுக்கினான். ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம். கிழவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"கழி முந்துதுடா. விழுந்ததும் தோலைக் கொஞ்சம் அமுக்கி எழணும். இது உதைச்சுட்டு ஓடுது. அப்புறம், இன்னிக்கு ஈரக்காத்து, தோல் தளர்ந்திருக்கு. அடியை ஏத்து" என்றார்.

பையன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். பக்கம் பக்கமாகத் தாத்தாவிடம் கேட்ட கேள்விகள், அவர் சொன்ன பதில்கள். முப்பத்தொரு வருஷம் அவர் வாசிப்பில் கும்பிட்ட ஊரில், நான் உட்பட ஒருவர்கூட இதில் ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. சங்கீதத்தைக் கொலை செய்கிறவன் என்று நாம் யாரைச் சொல்கிறோம்?

நண்பருக்கு என் யோசனை இதுதான். கோயில் மேளத்தின் சுவிட்சை அணைக்கச் சொல்லுவோம். மார்கழியில் சென்னைக்குப் போய்வரும் செலவில் ஒரு பங்கை நீங்கள் கொடுங்கள். புத்தகங்களுக்கு வரும் பணத்தில் ஒரு பங்கை நான் தருகிறேன். நிர்வாகமும் தன் பங்கைக் கொடுக்கட்டும். மாதச் சம்பளத்தில் ஒரு நாகஸ்வரம், ஒரு தவில். அந்த யந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். பையனிடம் கொடுத்துவிடலாம், மோட்டார் அவனுக்கு உபயோகப்படும்.

'உபயம்' என்ற எழுத்தை மட்டும் சுரண்டிவிட்டுக் கொடுப்போம்.