ஐந்து நட்சத்திரப் பிள்ளைகளின் முதலாம் ஆண்டு: கணக்கு என்ன சொல்கிறது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் 2025-26 பருவம் 2025 நவம்பரில் தொடங்கியது. அப்பருவத்தில் அதிகம் அடிபட்ட பெயர்கள் மூன்று: பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. டிபான்ட்சா, கன்சாஸின் டரின் பீற்றர்சன், டியூக்கின் கமரன் பூசர். மூவரும் அப்போது முதலாம் ஆண்டு மாணவர்கள். பல்கலைக்கழக அணிக்காக ஒரு போட்டி ஆடுவதற்கு முன்னரே நாட்டின் முதல் வரிசை இளைஞர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்கள்.

ரொறன்ரோவைச் சுற்றி வாழும் எங்கள் குடும்பங்களுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. சனிக்கிழமைகளில் ஒரு பிள்ளையை ரியூசனுக்கும் மற்றப் பிள்ளையை கூடைப்பந்துப் பயிற்சிக்கும் ஏற்றி இறக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். ஆகவே இந்த மதிப்பீடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை ஒரு கணக்காளரின் கண்ணோடு பார்ப்போம்.

முதலில் விதியைப் பார்ப்போம். 1995இல் கெவின் கார்னெற், 1996இல் கோபி பிரையன்ற், 2003இல் லெப்ரோன் ஜேம்ஸ் ஆகியோர் உயர்பள்ளியிலிருந்து நேரே என்.பி.ஏ.க்குப் போனார்கள். 2006 முதல் அந்தக் கதவு மூடப்பட்டது. வீரருக்கு 19 வயதாக வேண்டும், உயர்பள்ளி முடித்து ஓராண்டு கழிய வேண்டும் என்றானது. அந்த ஓராண்டைக் கழிக்கவே பெரும்பாலான திறமைசாலிகள் பல்கலைக்கழகம் வருகிறார்கள். வந்து, ஒரு பருவம் ஆடி, போய்விடுகிறார்கள்.

இங்கே இரண்டு கணக்குப் புத்தகங்கள் உள்ளன. ஒன்று பிள்ளையினுடையது, மற்றது அணியினுடையது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து படிப்பதால்தான் குழப்பம் வருகிறது.

பிள்ளையின் புத்தகத்தில் மதிப்பீடு பெரும்பாலும் பிழைப்பதில்லை. உயரம், கை நீளம், பாய்ச்சல், பந்தைக் கையாளும் விதம் ஆகியவற்றைப் பார்த்துப் போடப்படும் நட்சத்திரங்களை என்.பி.ஏ. அணிகளும் ஏறக்குறைய அப்படியே ஏற்கின்றன. 2016இல் முதலாவதாகத் தெரிவான பென் சிமன்ஸ் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். அவரது அணி மார்ச் மாதத் தேசியச் சுற்றுப்போட்டிக்குத் தகுதி பெறவே இல்லை. அடுத்த ஆண்டு முதலாவதாகத் தெரிவான மார்க்கெல் ஃபுல்ற்ஸின் வாஷிங்ரன் பல்கலைக்கழக அணி 9 வெற்றி, 22 தோல்வி. 2024-25இல் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு நாட்டின் முதல் ஐந்து பேருக்குள் கணிக்கப்பட்ட இருவர், டிலன் ஹார்ப்பரும் ஏஸ் பெய்லியும், ஒன்றாக வந்தார்கள். அணி 15 வெற்றி, 17 தோல்வியோடு வீடு திரும்பியது. அந்த இருவரோ 2025 தெரிவில் இரண்டாம், ஐந்தாம் இடங்களைப் பெற்றார்கள். அணி நட்டத்தில், வீரர் இலாபத்தில்.

அணியின் புத்தகம் வேறு மாதிரி. முதலாம் ஆண்டினரை முதுகெலும்பாகக் கொண்டு தேசியக் கிண்ணம் வென்றவை என்று இரண்டு அணிகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள்: 2012இன் கென்டக்கி, 2015இன் டியூக். அவற்றிலும் மூத்தவர்கள் இல்லாமல் இல்லை. 2012 இறுதியாட்டத்தில் கென்டக்கியின் அன்ரனி டேவிஸ் எடுத்தது 6 புள்ளிகள் மட்டுமே. 16 முறை பந்தை மீட்டு எதிரணியைத் திணறடித்தார் என்பது உண்மை. ஆனால் 22 புள்ளிகள் எடுத்தவர் இரண்டாம் ஆண்டு மாணவர் டொரன் லாம். 2015 டியூக்கின் தலைவர் நான்காம் ஆண்டு மாணவர் குயின் குக்.

அதன் பின் 2025 வரை அப்படி ஓர் அணி கிண்ணம் தொடவில்லை. 2019இல் சியோன் வில்லியம்சன், மிசிசாகாவில் வளர்ந்த ஆர்.ஜே. பரட், கம் ரெடிஷ் என மூவரை டியூக் ஒரே அணியில் வைத்திருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 68-67 என்று ஒரு புள்ளியால் தோற்று, கடைசி நான்கு அணிகளுக்குள் கூட வராமல் போனது. 2024இல் கென்டக்கியை வீழ்த்தியது ஓக்லன்ட் என்ற சிறிய பல்கலைக்கழகம். அன்று பத்து மூன்று-புள்ளி எறிகளைப் போட்டவர் ஜக் கோல்கி, இரண்டாம் தரப் பிரிவில் ஆடிவிட்டு வந்த பட்டதாரி மாணவர். 2025இல் கூப்பர் ஃபிளாக் நாட்டின் சிறந்த வீரர் விருதுகளை வென்றும், டியூக் அரையிறுதியில் ஹூஸ்ரனிடம் 70-67 எனத் தோற்றது. கிண்ணத்தை வென்ற புளோரிடாவை வழிநடத்திய வோல்ரர் கிளேற்றன், அயோனா என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு வந்த நான்காம் ஆண்டு மாணவர்.

காரணம் மர்மமானதல்ல. 18 வயதுப் பிள்ளை 22, 23 வயது ஆண்களோடு முட்டி மோத வேண்டியிருக்கிறது. தடுப்பாட்டத்தில் யார் எங்கே நிற்பது, எப்போது ஒருவருக்கொருவர் இடம் மாறுவது என்பதெல்லாம் சேர்ந்து ஆடி ஆடித்தான் படியும். நட்சத்திரங்கள் நாளைய பெறுமதியைச் சொல்கின்றன. மார்ச் மாதப் போட்டி கேட்பதோ இன்றைய கையிருப்பை.

இப்போது பணமும் வந்துவிட்டது. 2021 யூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து உழைக்கலாம். அதே ஆண்டு முதல் ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்காமலே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கப்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து 2025-26 கல்வியாண்டில் ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை நேரடியாகக் கொடுக்க முடிந்தது. வரையறுத்த பணத்தை வைத்திருக்கும் பயிற்றுநர் என்ன செய்வார்? மூன்று வருட ஆட்டப் பதிவுள்ள 22 வயதுக்காரருக்கு முதலில் கொடுப்பார். அவர் முடிந்த கணக்கு. பள்ளியிலிருந்து வருபவர் எதிர்பார்ப்பு மட்டும். உச்சியில் உள்ள சிலருக்கு இதனால் குறையில்லை. நெருக்கடி நாற்பதாம், எண்பதாம் இடத்துப் பிள்ளைகளுக்குத்தான். அவர்களுக்கு இருந்த ஆசனங்களில் இப்போது மூத்தவர்கள் இருக்கிறார்கள்.

கனடாவிலிருந்து போகும் பிள்ளைக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. மாணவர் விசாவில் அமெரிக்காவில் உழைக்கும் உரிமை மட்டுப்படுத்தப்பட்டது. பக்கத்தில் ஆடும் அமெரிக்கப் பிள்ளை பெறும் பணத்தை அதே வழியில் இவர் பெற முடியாமல் போகலாம். கையெழுத்துப் போட முன்னர் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பார்ப்பது வீண் செலவல்ல.

நம் அயலில் வளர்ந்த மூவரை வைத்தே இந்தக் கணக்கை முடிக்கலாம். வோன் நகரில் வளர்ந்த அன்ட்ரூ விக்கின்ஸ் 2013இல் முதலாம் இடத்து மாணவராகக் கன்சாஸ் போனார். பருவம் முழுவதும் சராசரியாக 17 புள்ளிகள் எடுத்தவர், ஸ்ரான்ஃபோர்ட்டிடம் தோற்று வெளியேறிய அன்று எடுத்தது 4. ஊடகங்கள் கிழித்தன. அதே ஆண்டு அவர்தான் என்.பி.ஏ.யின் முதல் தெரிவு. எட்டு வருடங்களின் பின், 2022இல், கோல்டன் ஸ்ரேற் அணியோடு கிண்ணம் வென்றார். பிரம்ரனில் வளர்ந்த அன்ரனி பெனற் 2013இன் முதல் தெரிவு. அந்த இடத்தைப் பெற்ற முதற் கனேடியர். நான்கு பருவங்களோடு அவரது என்.பி.ஏ. வாழ்வு முடிந்தது. ஹமில்ரனில் வளர்ந்த ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் கென்டக்கிக்குப் போனபோது தன் வயதினரில் முதல் இருபது பேருக்குள் இல்லை. தொடக்கத்தில் மாற்று வீரராகவே இறங்கினார். தெரிவில் கிடைத்தது பதினோராம் இடம். 2025இல் என்.பி.ஏ.யின் அதி சிறந்த வீரரும் அவர்தான், கிண்ணம் வென்ற ஒக்லஹோமா சிற்றியின் இறுதிச்சுற்று நாயகனும் அவர்தான்.

வெட்டுப்புள்ளியில் வாழ்வு தீர்மானிக்கப்பட்ட ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். பதினெட்டு வயதில் ஒரு இலக்கத்தைக் கொடுத்து, அதைப் பிள்ளையின் முழுப் பெறுமதி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. விக்கின்ஸையும் பெனற்றையும் ஒரே இலக்கத்தால் அழைத்தார்கள். அது அவர்கள் கணக்கைத் திறந்த அன்றைய தொடக்க மீதி மட்டுமே. எந்தக் கணக்காளரும் தொடக்க மீதியை வைத்துக்கொண்டு ஐந்தொகையை மூடுவதில்லை. டிபான்ட்சா, பீற்றர்சன், பூசர் போன்றவர்கள் மார்ச்சில் தோற்றால் மதிப்பீடு பொய்த்தது என்று எழுத நிறையப் பேர் இருப்பார்கள். அப்போது அவர்கள் எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.