துவாலைக்கு ஏன் மின்சூடு?

பாகாலாவில் தமிழர் சொல்லும் 'துவாலை', தெலுங்கர் சொல்லும் 'துவாலு' இரண்டும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தவை. கடல் கடந்து வந்த சொல் இவ்வூர் வெயிலில் இயல்பாகிவிட்டது. குளியலறைச் சுவரில் துவாலையைச் சூடேற்றி உலர்த்தும் மின்தாங்கிக்கு அப்பேறு வாய்ப்பது அரிது. அது வெயில் குன்றிய நாடுகளின் கருவி. இங்கு அதற்குத் தேவையை உண்டாக்கியது குளிரன்று, தடித்த டர்க்கி டவல். அதன் நூல்வளையங்கள் நீரைப் பிடித்துவைக்கும். மெல்லிய ஈரிழைத் துண்டோ கொடியில் விரைந்து காயும். 100 வாட் தாங்கி 24 மணி நேரம் இயங்கினால் 2.4 யூனிட் செலவு, ஒரு துண்டுக்காக! ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துவாலை முடைநாற்றம் வீசுவது மெய்யே. அதற்கு மின்விசிறியின் கீழ் ஒரு கொடி போதும். கொடி கட்டவே இடம் விடாமல் அடுக்ககம் வரைவோரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.