சொத்துக்கு ஆளுண்டு! குற்றத்துக்கு ஆளில்லையா?

நிலத்துக்குப் பட்டா வேண்டுமா? ஆண்டவன் பெயரில் எழுதுகிறார்கள்! குத்தகை பாக்கி நிற்கிறதா? ஆண்டவனே வாதியாக நின்று வழக்குத் தொடுக்கிறார்! தெய்வத் திருவுருவம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் என்று 1925-ஆம் ஆண்டிலேயே இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புரைத்துவிட்டது. மாதா கோயிலுக்கும், மடத்துக்கும், ஆசிரமத்துக்கும், மதரசாவுக்கும் அறக்கட்டளை உண்டு, முத்திரை உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. காணிக்கை வாங்க ஆளுண்டு. வாங்கியதைக் கட்டிக் காக்க ஆளுண்டு. ஆனால் அந்த மதிலுக்குள்ளே ஒரு குழந்தை சிதைக்கப்பட்டால்? “அது தனி மனிதர் செய்த தவறு, எங்கள் நிறுவனத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை” என்று ஓர் அறிக்கை வரும். அவ்வளவுதான்!

பெறும்போது கூடிப் பெறுகிறார்கள். பொறுப்பு வரும்போது மட்டும் தனித்தனியே கலைந்துவிடுகிறார்கள். இந்தக் கண்கட்டு வித்தையைத்தான் நாம் கேள்விக்கு இழுக்கிறோம்.

அரிமளத்துத் தோழர்களுக்கு இது எங்கோ நடந்த கதையன்று. நம் புதுக்கோட்டை மாவட்டத்து மண்ணிலே நடந்தது. நம் மாவட்டத் தலைநகரின் நீதிமன்றத்திலே நிறுவப்பட்டது. இலங்கை மாத்தளையில் ஆசிரமம் நடத்தியவர் பிரேமானந்தா. 1983 வன்செயலுக்குப் பின், 1984-இல் தமிழகம் வந்தார். விராலிமலை வட்டாரத்தில், பாத்திமா நகரில், பெரியதோர் ஆசிரமம் எழுந்தது. வெறுங்கையிலே திருநீறு வரவழைத்தார். வாயிலிருந்து இலிங்கம் எடுத்தார். கண்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். போரினால் பெற்றோரையும் ஊரையும் இழந்த ஈழத்துப் பிள்ளைகள் அங்கே வளர்க்கப்பட்டனர். அநாதைக்கு ஆதரவு என்றது பலகை. பலகைக்குப் பின்னால் நடந்தது என்ன?

1994-இல் ஒரு பெண் அங்கிருந்து வெளியேறி வாய் திறந்தாள். அதன் பின்னரே காவல்துறையின் கால் அந்த வாயிலை மிதித்தது. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 13 பெண்களை வன்புணர்ந்த குற்றம், ஓர் இளைஞரைக் கொன்ற குற்றம் இரண்டும் மெய்ப்பிக்கப்பட்டன என்றது. அந்தப் பெண்களுள் ஆசிரமத்திலேயே வளர்ந்த சிறுமியரும் இருந்தனர். இரட்டை ஆயுள் தண்டனை. அறுபது இலட்சம் ரூபாய்க்கு மேல் அபராதம். 2002-இல் சென்னை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. 2005-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. 2011-இல் தண்டனைக் கைதியாகவே அவர் இறந்தார்.

நாட்டின் பெயர்பெற்ற வழக்கறிஞரை வைத்து வாதாடினார்கள். அயல்நாட்டிலிருந்து அறிவியல் வல்லுநரைக்கூட அழைத்து வந்தார்கள். ஆயினும் ஐதராபாத் ஆய்வுக்கூடத்து மரபணுச் சோதனையின்முன் அவை எவையும் நிற்கவில்லை. வாயிலிருந்து இலிங்கம் வந்ததை நம்பியவர்கள் ஆயிரமாயிரம் பேர். ஆனால் பரிசோதனைக் குழாயிலிருந்து உண்மை வந்தபோது, அதை மறுக்க எந்தச் சித்தும் உதவவில்லை!

சாமியார் சிறை சென்றார், நீதி வென்றது. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் மகிழ்ச்சியோடு நின்றுவிடலாமா? ஒரு மனிதன் தனியே நின்று இத்தனை பெண்களை ஆண்டுக்கணக்கில் சிதைக்க முடியுமா? முடியாது என்பதற்கு அந்தத் தீர்ப்பே சான்று. உடனிருந்து துணைபோனவர்களும் அவரோடு தண்டிக்கப்பட்டார்கள். மதில் தந்தது நிறுவனம்; மதிப்புத் தந்தது நிறுவனம்; நாதியற்ற பிள்ளைகளைக் கூட்டிக் கொடுத்தது நிறுவனம்; பணமும் பக்தரும் சேர்த்தது நிறுவனம். ஆளுக்குச் சிறை, நிறுவனத்துக்கு? ஆசிரமம் தண்டனைக்குப் பின்னும் தொடர்ந்து நடந்தது. பூசை நிற்கவில்லை, காணிக்கை நிற்கவில்லை.

இனி, இன்றுள்ள சட்டத்தைப் பார்ப்போம். 2012-இல் வந்தது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம். போக்சோ என்று நாம் சுருக்கி அழைப்பது. நல்ல சட்டம், நாம் போற்றும் சட்டம். சமய நிறுவனத்தை நடத்துவோரோ அங்குப் பணிபுரிவோரோ அங்குள்ள குழந்தையிடம் குற்றமிழைத்தால், அதைக் கடுங்குற்றம் என்று தனியே பிரித்து வைத்திருக்கிறது. வன்புணர்வாயின், 2019 திருத்தத்தின்படி குறைந்தது 20 ஆண்டுச் சிறை. அறிந்தும் காவல்துறைக்கு அறிவிக்காதவர் எவராயினும் குற்றவாளி. அந்த ‘எவராயினும்’ என்ற சொல்லிலிருந்து பாதிரியாருக்கும் விலக்கில்லை, பண்டார சந்நிதிக்கும் விலக்கில்லை, மௌலவிக்கும் விலக்கில்லை.

ஆனால் ஓட்டை எங்கே? தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால், ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நன்று. தலைவரே குற்றவாளியானால்? ஆசிரமங்களில் குரு யாருக்குக் கீழே இருக்கிறார்? அவருக்கு மேலே ஆண்டவனைத் தவிர ஆளில்லையே! அப்போது உண்மையை மறைத்த அறங்காவலருக்கு, வழியில் போன எவருக்கும் உரிய அதே ஆறு மாதம்தான். பாத்திமா நகரில் நடந்தது போன்ற கொடுமையில், கண்ணை மூடிக்கொண்டிருந்த நிர்வாகிக்குச் சட்டம் வைத்திருக்கும் விலை ஆறு மாதம்! நிறுவனம் என்ற பெயருக்கோ ஒரு காசு அபராதமும் அதில் எழுதப்படவில்லை.

இழப்பீடு யார் தருகிறார்? சிறப்பு நீதிமன்றம் தொகையைச் சொல்கிறது; மாநில அரசு தன் நிதியிலிருந்து கொடுக்கிறது. அரசு உடனே கொடுக்கட்டும், குழந்தை காத்திருக்கலாகாது. ஆனால் அந்தப் பணம் யாருடையது? களத்துமேட்டில் வியர்வை சிந்துபவன் உப்பு வாங்கும்போதும் புளி வாங்கும்போதும் ஏதேனும் ஒரு வழியில் செலுத்திய வரி! உண்டியல் மூடியே இருக்கிறது. உழைப்பவன் மடி அவிழ்கிறது. மடத்தின் பாவத்துக்கு மக்கள் பரிகாரம் செய்கிறார்கள்!

நம் ஊரார் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வோம். அரசுப் பேருந்து ஒருவன்மேல் மோதிவிடுகிறது. ஓட்டுநர்தான் மோதினார், போக்குவரத்துக் கழக மேலாளர் வண்டியில்கூட இல்லை. இருந்தும் இழப்பீடு கட்டுவது கழகம். கட்டத் தவறினால் நீதிமன்ற அமீனா வருகிறார். பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டியையே ஜப்தி செய்கிறார்! வேலைக்கு வைத்தவன், வேலையில் நேர்ந்த தீங்குக்குப் பொறுப்பு என்பது அங்கே எவருக்கும் புரிகிறது. அரசின் பேருந்தை ஜப்தி செய்யும் சட்டம், ஆதீனத்தின் வாயிலில் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கைகட்டி நிற்க வேண்டுமா?

“மதத்தில் அரசு தலையிடலாமா?” என்பார்கள். அரசியல் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகளைத் துணைக்கு அழைப்பார்கள். அழைக்கட்டும்! அந்தப் பிரிவுகளை முதல் வரியிலிருந்து படிக்கட்டும்! பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டே அந்த உரிமை என்றுதான் இரண்டும் தொடங்குகின்றன. குழந்தையைக் கெடுப்பது எந்த மதத்தின் சடங்கு? அதை மறைப்பது எந்த வேதத்தின் விதி?

“பொய்ப் புகாரால் புனிதர் பெயர் கெடுமே!” என்பார்கள். வேண்டுமென்றே பொய்ப் புகார் தரும் வயது வந்தோருக்கு அதே சட்டத்தில் தண்டனை உண்டு. பிரேமானந்தாவின் வழக்கு மூன்று நீதிமன்றங்களில் அலசப்பட்டது. அவர் தரப்பு சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தது. நாம் கேட்பது விசாரணையின்றித் தண்டனையன்று. விசாரணைக்கு வழிவிடும் கதவு!

“பள்ளியில் நடக்கவில்லையா? வீட்டில் நடக்கவில்லையா?” என்பது மூன்றாவது அம்பு. நடக்கிறது, எங்கு நடப்பினும் கொடுமையே. ஆனால் பள்ளி ஆசிரியர் காலில் பெற்றோர் விழுவதில்லை. குழந்தை வந்து குறை சொன்னால், “சாமியைக் குறை சொல்லாதே, நாக்கு அழுகிவிடும்” என்று வாயைப் பொத்தும் பழக்கம் பக்தியின் இடத்தில்தான் இருக்கிறது. அந்த அச்சத்தை வளர்த்துப் பயன்பெறும் நிறுவனம், அச்சத்தால் விளைந்த மௌனத்துக்கும் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

காவியை மட்டும் சாடுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். வெள்ளங்கியின் கதையும் உண்டு. உதகை மறைமாவட்டத்துப் பாதிரியார் ஒருவர் 2004-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா சென்றார், அங்கே பருவமெய்தாப் பெண்ணிடம் தகாத முறையில் நடந்த குற்றத்தை 2015-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், தண்டனை பெற்றார். ஊர் திரும்பினார். 2016-இல் மறைமாவட்டம் என்ன செய்தது? ரோமாபுரியோடு கலந்து, அவர்மேல் இருந்த இடைநீக்கத்தை நீக்கியது! குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மீண்டும் வாயில் திறக்கும் அதிகாரம் தனி மனிதருடையதா, நிறுவனத்தினுடையதா?

கடல் கடந்த நாடுகள் இந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில், பாதிரியாரால் கெடுக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு 2007-இல் தோற்றது. ஏன்? சொத்தை வைத்திருக்கும் திருச்சபை அறக்கட்டளை அந்தப் பாதிரியாரின் செயலுக்குப் பொறுப்பாகாதாம்; திருச்சபையோ வழக்குத் தொடுக்கத்தக்க சட்டவழி ஆளே இல்லையாம்! நாம் தலைப்பில் கேட்ட கேள்வியேதான். அந்நாட்டு மக்கள் சும்மா இருக்கவில்லை. 2013 முதல் 2017 வரை அரச ஆணைக்குழு விசாரித்தது. 409 பரிந்துரைகள் வந்தன. 2018-இல் விக்டோரியா மாநிலம் சட்டம் செய்து அந்தப் பொந்தை அடைத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் திருச்சபை, 552 பேருக்கு எட்டரைக் கோடி டாலர் இழப்பீடு தர 2003-இல் இசைந்தது. பரலோகம் இடிந்துவிடவில்லை; பணப்பெட்டிதான் திறந்தது!

நமக்கு அயல்நாட்டுப் பாடம்கூடத் தேவையில்லை. நம் மண்ணிலேயே வழி காட்டியவர் இருக்கிறார். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி. பெண் குழந்தைக்குப் பொட்டுக் கட்டி, ஆண்டவன் பெயரால் ஆடவர்க்கு விருந்தாக்கிய கொடுமையை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போர் தொடுத்தார். அந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்து வழக்காடிய சத்தியமூர்த்தி பிறந்ததோ, நம் அரிமளத்துக்கு அண்டை ஊராம் திருமயத்தில்! ஒரே மண், இரு குரல்கள். எந்தக் குரல் வென்றது? 1947-இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் அம்மையாரின் கூர்மை 1929-லேயே தெரிந்தது. கோயில் ஊழியத்தோடு கட்டப்பட்டிருந்த இனாம் நிலத்தை அந்தக் கட்டிலிருந்து விடுவிக்கும் சட்டத்தை அவர் அப்போதே கொண்டுவந்தார். தீமையின் வேர் தனி மனிதர் ஒழுக்கத்தில் மட்டும் இல்லை, நிறுவனத்தின் சொத்தில் இருக்கிறது என்பதை அறிந்து, அங்கே வெட்டினார். நாமும் அங்கேதான் வெட்ட வேண்டும்!

ஆகவே நாம் கேட்பவை இவை. ஒன்று: குற்றம் புரிந்தவர் தலைவரே ஆயினும், மறைத்த நிர்வாகக் குழு முழுவதும் கடுந்தண்டனைக்கு உள்ளாகும்படி போக்சோ சட்டம் திருத்தப்பட வேண்டும். இரண்டு: அரசு தரும் இழப்பீட்டை, கடமை தவறிய நிறுவனத்தின் சொத்திலிருந்து வசூலிக்க வேண்டும். மூன்று: குற்றச்சாட்டுக்கு ஆளானவரை வேறு கிளைக்கு, வேறு பங்குக்கு, வேறு மடத்துக்கு மாற்றி ஒளிப்பதே தனிக் குற்றமாக வேண்டும். நான்கு: மறைத்தது மெய்ப்பிக்கப்பட்ட நிறுவனத்துக்கு வரிவிலக்கு இல்லை, குழந்தைகளை வைத்திருக்கும் உரிமமும் இல்லை. பகுத்தறிவாளர் நடத்தும் இல்லமாயினும் இதே அளவுகோல். நமக்கென்று தனித் தராசு வேண்டாம்!

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஆதரவற்ற குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இப்போதே சொல்கிறது. தவறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது இலட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். மாணவர் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் உரிமம் வேண்டும் என்கிறது 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். அரிமளம் ஒன்றியத்திலும் திருமயம் வட்டத்திலும் குழந்தைகள் தங்கும் மடம், ஆசிரமம், பாடசாலை, கன்னியர் இல்லம் ஒவ்வொன்றும் பதிவு பெற்றிருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தின்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மனு எழுதுங்கள். 1098 என்ற எண்ணை ஊர்ச் சுவர்களில் எழுதுங்கள்; கோயில் திருவிழாவில் கூட்டம் கூடும் இடத்தில் பெரிதாகவே எழுதுங்கள்! வாய் திறக்கும் குழந்தையை முதலில் நம்புங்கள்; நம்பிய கையோடு காவல்நிலையத்துக்கு நடங்கள்.

ஆண்டவனின் சொத்தைக் காக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த மதிலுக்குள் உறங்கும் குழந்தையைக் காக்கச் சட்டம் இருக்கட்டும். சட்டத்தைத் தட்டி எழுப்ப நாம் இருப்போம்!