இடது பக்க ஜன்னல்

சந்தவாசல் பஸ் ஸ்டாப். காலை ஒன்பது மணிக்கே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்க வந்த கூட்டம் ஒரு பக்கம்; வேலூர் பஸ்ஸுக்கு நாங்கள் ஒரு பக்கம். பக்கத்தில் ஓர் இளைஞர். முழுக்கைச் சட்டை, தொப்பி, போதாததற்கு விரித்த குடை!

"என்ன சார், மழை வருமா?" என்று கிண்டலடித்தேன்.

"வெயில் ஆகாது சார். லூபஸ்."

சும்மா இருந்திருக்கலாம். அரைகுறை அறிவு சும்மா இருக்குமா? "அது லேடீஸுக்கு வர்றதாச்சே!" என்றேன்.

"இதைச் சொன்ன நாற்பத்தோராவது ஆள் நீங்க" என்றார் அலுக்காமல்.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். உடம்புக்குக் காவல் இருக்கவேண்டிய எதிர்ப்பு சக்தி, வீட்டுக்காரனையே கடிக்கிற நாய் மாதிரி சொந்த உறுப்புகளைத் தாக்குவதுதான் வியாதி. வருகிற 10 பேரில் 9 பேர் பெண்கள். அந்த பத்தாவது ஆள் பாடுதான் திண்டாட்டம். யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

இவருக்கு விரல் மூட்டு வலித்தபோது, "பைக் ஓட்டறதைக் குறை" என்றார்களாம். கன்னம் சிவந்தபோது, "என்னடா வெட்கமா?" கால் வீங்கியபோது, "ஷூ டைட்." சிறுநீர் நுரைத்ததை இவரே யாரிடமும் சொல்லவில்லை, கூச்சம்! கடைசியில் பரிசோதித்தால் அதில் புரோட்டீன். கடி கிட்னி வரை போயிருந்தது. ஆண்களுக்கு லூபஸ் வந்தால் கிட்னியைப் பிடிப்பது அதிகம் என்கிறார்கள் டாக்டர்கள்.

உலகப் புகழ் பாடகர் சீலின் முகத் தழும்புகள் தோலைத் தாக்கும் லூபஸ் போட்டவைதான். அமெரிக்க நடிகர் நிக் கேனனுக்கு 2012-ல் கிட்னியில். ஆக, இவர் தனி ஆள் இல்லை.

1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி.யில் இன்று இந்த மாதிரி வியாதிகளுக்குத் தனித் துறையே இருக்கிறது. முக்கிய மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியா மாத்திரைதான். 2020-ல் கொரோனாவுக்கு அதுதான் மருந்தென்று ஊரே வாங்கிப் பதுக்க, இவர் கடை கடையாக அலைந்தாராம். கூடவே ஸ்டீராய்டு. முகம் உப்பியதும், "சதை போட்டிருக்கே, கல்யாணக் களையா?" என்று விசாரிப்பு வேறு. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, ஆபத்து. வருஷா வருஷம் கண் டாக்டரிடமும் போகவேண்டும்.

"கல்யாணம்...?" என்று இழுத்தேன்.

"அடுத்த வாரம் பொண்ணு பார்க்கப் போறோம். சொல்லாதேங்கிறாங்க அம்மா. குடையோட போய் நின்னா அவங்களே கேட்பாங்கல்ல சார்? சொல்லிடுவேன்."

பிரம்மச்சாரி வாசகர்களே! மூட்டு வலி, வெயிலில் சிவக்கும் முகம், ஆறாத வாய்ப்புண், விடாத களைப்பு, நுரைக்கும் சிறுநீர்... இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் வீரம் காட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். "லூபஸா இருக்குமா?" என்று நீங்களே கேட்டாலும் தப்பில்லை.

பஸ் வந்தது. வடக்கே போகும் பஸ். காலை வெயில் வலது பக்கம். அவர் இடது பக்கம் போனார். முதல் ஸீட்டின் மேல் 'மகளிர்' என்று எழுதியிருந்தது.

"இங்கேயுமா?" என்று சிரித்துவிட்டு, நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தார்.

"சாயங்காலம் திரும்பறப்போ?"

"அப்பவும் இடதுதான் சார். கணக்குப் போட்டு வெச்சிருக்கேன்!"

நான் வலது பக்கம் உட்கார்ந்து, வேலூர் வரை வெந்துகொண்டே போனேன்.